அறை வாடகை 800 ரூபாய், வரி எவ்வளவு?

கமுதியில் இருந்து ஒரு குடும்பம் ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். அக்கினி தீர்த்தத்தில் நீராட வேண்டும். கோவிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் குளிக்க வேண்டும். முன்னோருக்குத் திதி கொடுக்க வேண்டும். பாட்டியால் அன்றே திரும்ப முடியாது. ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும்.

அறை வாடகை 800 ரூபாய். ஆனால் ரசீதில் அதற்குக் கீழே இன்னொரு தொகையும் இருக்கிறது. அதுதான் ஜி.எஸ்.டி. வரி.

அன்று சத்திரம்

சேது யாத்திரை போகிறவர்களுக்காகச் சேதுபதி மன்னர்கள் வழி நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். தஞ்சை மன்னர் சரபோஜி 1802-ல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். அங்கே யாத்திரிகர்களுக்குச் சோறும் இடமும் இலவசம்.

1867-ல் பிரிட்டிஷ் அரசு 'சராய் சட்டம்' கொண்டு வந்தது. சராய் என்றால் வழிப்போக்கர் தங்கும் விடுதி. விடுதி நடத்துகிறவர் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அறைகளையும் கிணற்றையும் சுத்தமாக வைக்க வேண்டும். ஆனால் பதிவுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டமே சொன்னது!

இன்று லாட்ஜ்

இன்று லாட்ஜ் நடத்துகிறவர் பல படிகள் ஏறி இறங்க வேண்டும். உள்ளாட்சியின் தொழில் உரிமம் வேண்டும். தீயணைப்புத் துறையின் சான்று வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும்.

இவற்றோடு வரியும் சேர்ந்தது.

2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது, நாள் வாடகை 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு வரி இல்லை. 2022 ஜூலை 18-ந் தேதி அந்தச் சலுகை போயிற்று. 100-க்கு 12 ரூபாய் வரி விழுந்தது. 800 ரூபாய் அறைக்கு 96 ரூபாய்!

"ஏழை யாத்திரிகர் தலையில் சுமையா?" என்று லாட்ஜ்காரர்கள் எதிர்த்தார்கள்.

2025 செப்டம்பர் 22-ந் தேதி வரி 5 ரூபாயாகக் குறைந்தது. 96 ரூபாய் 40 ரூபாய் ஆயிற்று. யாத்திரிகருக்கு லாபம். லாட்ஜ்காரருக்கு ஒரு சங்கடம். படுக்கை விரிப்பும் சோப்பும் வாங்கும்போது அவர் கட்டுகிற வரியை முன்பு கழித்துக்கொள்ளலாம். இப்போது கழிக்க முடியாது.

யாருக்கு விலக்கு?

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டு மாடியில் நான்கு அறைகளை 800 ரூபாய் வீதம் வாடகைக்கு விடுகிறார் ஒருவர். ஆண்டு முழுவதும் ஒரு நாள் கூடக் காலியில்லாமல் ஓடினாலும் வரவு 11 லட்சத்து 68 ஆயிரம்தான். அவருக்கு வரி இல்லை. பத்து அறை வைத்திருப்பவர், 250 நாள் நிறைந்தாலே 20 லட்சத்தைத் தொட்டு விடுவார்.

ஆனால் செல்போனில் முன்பதிவு செய்யும் நிறுவனம் வழியாக அறை எடுத்தால், நான்கு அறை வீட்டுக்கும் வரி உண்டு. அதை அந்த நிறுவனமே வசூலித்து அரசுக்குக் கட்டும்.

பதிவு பெற்ற அறக்கட்டளைகள் கோவில் வளாகத்தில் விடும், 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு வரி கிடையாது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு இதை விளக்கமாகச் சொன்னது.

உரிமம் எதற்கு?

"அப்படியானால் உரிமமே வேண்டாமே!" என்று சிலர் கேட்கலாம். இதே ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள ஏர்வாடி அதற்குப் பதில் சொல்லும்.

2001 ஆகஸ்டு 6-ந் தேதி அதிகாலை. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் கருகி இறந்தார்கள். அந்தக் காப்பகத்துக்கு உரிமம் இல்லை.

உரிமம் என்பது வெறும் காகிதம் அல்ல. அதிகாரி வந்து பார்க்க வேண்டும். வெளியேற இன்னொரு வழி உண்டா? மின்கம்பிகள் சரியா? குடிநீர் சுத்தமா? கட்டணத்தை வாங்கிக்கொண்டு இவற்றைப் பார்க்காமல் போனால், கட்டியவருக்கும் நஷ்டம், தங்கியவருக்கும் ஆபத்து.

ரசீதைப் பாருங்கள்

அறை எடுக்கிறவர் ரசீது கேட்டு வாங்க வேண்டும். ஜி.எஸ்.டி. போட்டிருந்தால், ரசீதில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவு செய்யாதவர் வரி வசூலிக்கக் கூடாது.

பிறகு மாடிப்படி எங்கே, வெளியேறும் வழி எங்கே என்று பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள்.

நாற்பது ரூபாய் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். பாட்டி பத்திரமாகக் கமுதி திரும்ப வேண்டும்.