300 எப்படி 44 ஆகும்? ராக்கெட்டையே வீழ்த்திய ‘டைப் கன்வெர்ஷன்’

ரஸ்ட் புரோகிராமிங் மொழியில், ஒரு வேரியபிளில் உள்ள 300 என்ற முழு எண்ணை ‘ஆஸ்’ என்ற சொல்லைப் போட்டு ‘யு8’ வகைக்கு மாற்றினால், கிடைப்பது 44. எரர் வராது, புரோகிராம் நிற்காது. என்னங்க இது கணக்கு?

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு டைப், அதாவது வகை உண்டு. அதற்கு எத்தனை பிட் இடம் என்பதை அந்த வகைதான் சொல்லும். யு8 என்றால் 8 பிட். 0 முதல் 255 வரைதான் கொள்ளும். 300-ஐத் திணித்தால் மேல் பிட்டுகள் வெட்டப்படும். 300-இல் 256 போனால் மிச்சம் 44. டம்ளர் வழிந்தால் டம்ளராவது நிறைந்திருக்கும். இங்கே அதுவும் இல்லை!

1996 ஜூன் 4

ஐரோப்பாவின் அரியான் 5 ராக்கெட், பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து முதல்முறையாகக் கிளம்பிய நாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வானிலேயே சிதறியது. உள்ளே இருந்த 4 கிளஸ்டர் ஆய்வு செயற்கைக்கோள்களும் போயின.

காரணம், ஒரு டைப் கன்வெர்ஷன். கிடைமட்ட வேகம் தொடர்பான 64 பிட் தசம எண் ஒன்றை, 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றது வழிகாட்டும் கணினி. 16 பிட்டில் அதிகபட்சம் 32,767தான். வந்த எண் அதைத் தாண்டியது.

ஏடா மொழியில் எழுதப்பட்ட அந்த மென்பொருள், அரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்துவந்தது. பழைய ராக்கெட்டில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளராது. புதியது கிடைமட்டமாக இன்னும் வேகமாகப் போகும். ஆபத்தான 7 வேரியபிள்களில் 4-க்கு மட்டும் பாதுகாப்பு போட்டிருந்தார்கள். கணினியின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இலக்கு வைத்திருந்ததால் மற்ற 3-ஐ விட்டுவிட்டார்கள்.

கவனியுங்கள், ஏடா தப்பை மறைக்கவில்லை. ‘பொருந்தவில்லை’ என்று சொல்லத்தான் செய்தது. அந்த வேரியபிளுக்கு அதைச் சமாளிக்கும் பாதுகாப்புதான் இல்லை. கணினி நின்றது. மாற்றுக் கணினியிலும் அதே மென்பொருள். அது ஒரு நொடிக்குள் முன்னாடியே விழுந்திருந்தது. கொடுமை என்னவென்றால், அந்தக் கணக்கே ராக்கெட் தரையை விட்ட பிறகு தேவையில்லாத ஒன்று.

ரஸ்ட் என்ன செய்கிறது?

இந்த மொழி எண் வகைகளைத் தானாக மாற்றாது. 32 பிட் எண்ணையும் 64 பிட் எண்ணையும் கூட்டச் சொன்னால்கூட கம்பைலர் மறுத்துவிடும். சிறியதிலிருந்து பெரியதுக்குப் போக ‘ஃப்ரம்’ இருக்கிறது, இழப்பே இல்லை. பெரியதிலிருந்து சிறியதுக்கு ‘ட்ரை ஃப்ரம்’. 300-ஐக் கொடுத்தால் 44 என்று சமாளிக்காமல், எரர் என்ற பதிலை நம் கையில் தரும்.

ஆனால் பலரும் அவசரத்தில் அந்தப் பதிலைப் பார்க்காமலே ‘அன்ராப்’ போட்டுவிடுவார்கள். அப்போது எரர் வந்தால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். அரியானுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

இன்னொன்று. தசம எண்ணை முழு எண்ணாக்க, ரஸ்டின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் ட்ரை ஃப்ரம் கிடையாது. ஆஸ்தான் கதி. 2020-இல் வந்த 1.45 பதிப்பிலிருந்து, அளவு மீறினால் அது உச்ச வரம்பிலேயே நிற்கும்: 300.0 என்று கொடுத்தால் 255. புரோகிராம் விழாது, எண் மட்டும் தப்பு. மாற்றுவதற்கு முன் எண் வரம்புக்குள் இருக்கிறதா என்று நாமே ஒரு ‘இஃப்’ போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.