இன்டர்வியூக்கு எந்த ஷூ பாஸ்?

நாளைக்குக் காலையில ஓசூர் சிப்காட்ல இன்டர்வியூ. லைட் ப்ளூ சட்டை அயர்ன் பண்ணியாச்சு, நேவி ப்ளூ பேன்ட் ரெடி. கட்டிலுக்கு அடியில இருந்து அண்ணனோட கறுப்பு ஷூவை வெளியே எடுக்கறீங்க. மூணு வருஷம் முன்னாடி ரிசப்ஷனுக்கு வாங்கினது. பெட்டியைத் திறந்தா புதுசு மாதிரி பளபளக்குது. ஒரு நிமிஷம் பாஸ்! அதைப் போட்டுக்கிட்டு இப்பவே கெலவரப்பள்ளி தெருவுல பத்து நிமிஷம் நடந்துட்டு வாங்க.

காரணம் இருக்கு. பாலியூரிதேன் சோல் வெச்ச ஷூ வருஷக்கணக்கா சும்மா கிடந்தா, காத்துல இருக்கிற ஈரமே அதை உள்ளுக்குள்ள இத்துப்போக வெச்சிடும். வெளியே ஒண்ணும் தெரியாது. நாலு எட்டு வெச்சா பொலபொலன்னு உதிரும். பத்திரமா எடுத்து வெச்ச ஷூதான் முதல்ல காலை வாரும்!

அடுத்த மேட்டர், சைஸ். கடையில நாம கேட்கிற 7, 8 எல்லாம் வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன நம்பர். சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க 79 இடங்கள்ல, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்க பாதத்தை அளந்து பார்த்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட நம்ம பாதம் அகலம்னு தெரிஞ்சுது. நமக்குன்னே ‘பா’ங்கிற தனி அளவு முறையையும் உருவாக்கினாங்க. ஆக, ஷூ கடிச்சா உங்க கால் மேல பழி போடாதீங்க!

அகலம் பத்தலைன்னா கடைக்காரர் ஒரு நம்பர் பெரிசா நீட்டுவார். வாங்கிடாதீங்க, குதிகால் கழண்டுக்கிட்டே வரும். ‘டெர்பி’ மாடல் கேளுங்க. அதுல லேஸ் கட்டுற ரெண்டு பக்கமும் தனித்தனியா விரிஞ்சு கொடுக்கும். ‘ஆக்ஸ்ஃபோர்டு’ல அடியில சேர்த்துத் தைச்சிருக்கிறதால இறுக்கிப் பிடிக்கும். சாயங்காலமாப் போய், இன்டர்வியூக்குப் போடற அதே சாக்ஸோட போட்டுப் பாருங்க. நடந்து அலைஞ்ச கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் நிஜமான அளவு.

கலர்ல ரொம்பக் குழம்ப வேணாம். கறுப்பு பேன்ட்டுக்குக் கறுப்பு ஷூ மட்டும்தான். நேவி, கிரேக்குக் கறுப்பும் ஓகே, டார்க் பிரவுனும் ஓகே. ஒரே ஜோடிக்குத்தான் காசு இருக்குன்னா கண்ணை மூடிக்கிட்டு கறுப்பு. பெல்ட் ஷூ கலர்ல, சாக்ஸ் பேன்ட் கலர்ல. ஸ்கூல் யூனிஃபார்ம் வெள்ளை சாக்ஸை தம்பிக்கே விட்டுடுங்க.

கேர்ள்ஸ், புடவையோ சல்வாரோ, முன்பக்கம் மூடின, தட்டையான கறுப்பு ஷூ போதும். டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன்னு மெஷின் ஓடற ஊர் இது. “வாங்க, பிளான்ட்டைச் சுத்திப் பார்க்கலாம்”னு கூப்பிட்டா, ஆயில் சிந்தின தரையில பென்சில் ஹீல்ஸோட என்ன பண்ணுவீங்க?

லெதர்தான் வேணும்னா, கிருஷ்ணகிரி தாண்டி சென்னை ரோட்டைப் பிடிங்க. வாணியம்பாடிக்கு அடுத்து ஆம்பூர். பிரியாணியை விடுங்க, வெளிநாட்டுக்குப் போற ஷூ தைக்கிற ஊர் அது. நிஜ லெதரான்னு பார்க்க, நாக்குப் பட்டையோட வெட்டின ஓரத்தைக் கவனிங்க. நார் நாரா இருந்தா தோல். துணி மேல பிளாஸ்டிக் ஒட்டின மாதிரி தெரிஞ்சா ரெக்சின். ரெக்சின்னாலும் தப்பில்ல, துடைச்சுப் போட்டா யாரும் குனிஞ்சு பார்க்கப் போறதில்ல.

வேலை கிடைச்ச குஷியில ஃப்ரெண்ட்ஸோட அணைக்கரைக்கு போட்டோ எடுக்கப் போவீங்கதானே? நுரை தள்ளுற தென்பெண்ணைத் தண்ணியில லெதரோட இறங்கிடாதீங்க. நனைஞ்சே போச்சுன்னா வெயில்ல வைக்காம, உள்ளே பழைய நியூஸ் பேப்பரைக் கசக்கித் திணிச்சு நிழல்ல காயப்போடுங்க. பேப்பர் ஈரமானா மாத்துங்க. நல்லாக் காய்ஞ்ச பிறகு பாலிஷ்.