மலை வேரும் மருத்துவக் கல்வியும்

சவ்வாது மலையிலே ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலையாளிப் பழங்குடியினர், ஆங்கில மருத்துவம் பயின்ற டாக்டரிடம் நோயைச் சொல்வர். வீட்டில் அருந்திய வேர்க் கஷாயத்தைச் சொல்லத் தயங்குவதுண்டு. ஏளனம் செய்வாரோ என்னும் அச்சமே காரணம்.

இம்மறைப்பு ஆபத்தானது, நேயர்களே! சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும். அதனோடு அதே வேலைக்கான மாத்திரையும் சேர்ந்தால் அழுத்தம் மிகத் தாழ்ந்து நோயாளி மயங்கி விழக்கூடும். இவ்வேரை நம் வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்தனர். மேனாட்டார் கவனித்ததோ, பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் எழுதிய பின்னர்! 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது.

கற்கும் மனம் நமக்குப் புதிதன்று. 1921இல் சென்னை அரசாங்கம் அமைத்த உஸ்மான் குழுவின் செயலாளர் கேப்டன் சீனிவாசமூர்த்தி மேனாட்டு மருத்துவம் பயின்றவர். நாட்டு மருத்துவத்தை ஆராய்ந்து விரிவான குறிப்பொன்று வரைந்தார். 1925இல் சென்னையில் தோன்றிய இந்திய மருத்துவப் பள்ளிக்குத் தலைவருமானார்.

கற்பது வேறு, நம்பிவிடுவது வேறு. பக்குவம் தவறிய இரசச் செந்தூரத்தின் தீங்கை உணர்வதற்கும் இக்கல்வி வேண்டும். மருத்துவ மாணவர்க்கு நோயாளியிடம் கேள்வி கேட்கும் முறையைப் பயிற்றும்போதே, "வேறென்ன மருந்து உண்டீர்கள்? யார் செய்து கொடுத்தது?" என முகஞ்சுளியாமல் வினவவும் பழக்கலாம். அதற்குத் தனிப் பாடநூல்கூட வேண்டுவதில்லை.