கதவு சாத்த மாட்டேங்குதா? ஐப்பசியில் இழைப்புளியைத் தொடாதீங்க! பழைய மரச்சாமான்களை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் போதும், செய்திகளில் காரைக்கால் பெயர் வந்துவிடும். 2018 நவம்பரில் கஜா, 2020 நவம்பரில் நிவர் எனப் புயல் எச்சரிக்கைகளில் அடிபடும் ஊர் இது. ஆனால் மழைக்காலம் வந்துவிட்டதைச் சொல்ல ஊர்க்காரர்களுக்கு ரேடார் தேவையில்லை, வாசல் கதவே சொல்லிவிடும். ஆவணியில் ஒரு விரலால் தள்ளினால் சாத்திக்கொண்ட கதவு, ஐப்பசி பிறந்ததும் தோளைக் கொடுத்து முட்டினாலும் நகராது.

உடனே, "ஆசாரியைக் கூப்பிட்டு ரெண்டு இழைப்பு இழைச்சு விட்டுடலாம்" என்று வீட்டில் பேச்சு வரும். இங்கேதான் தவறு தொடங்குகிறது. மழையில் இழைத்த கதவு பங்குனி வெயிலில் சுருங்கும். அப்போது நிலைக்கும் கதவுக்கும் இடையில் பல்லி நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். அடுத்த மழைக்கு மறுபடி முட்டும், மறுபடி இழைப்பார்கள். கடைசியில், "கதவு வீணாப்போச்சு" என்று பழைய மரக்கடைக்குப் போய்விடும். அந்த இடத்துக்கு பிளைவுட் கதவோ பிவிசி கதவோ வரும்.

1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் காரைக்கால். பர்மா தேக்கு கப்பலில் வந்திறங்கிய காலத்தில் டெல்டா கரையோர வணிகர் வீடுகளின் கதவும் தூணும் ஊஞ்சல் பலகையும் அதில்தான் செய்யப்பட்டன. அந்தத் தரத்தில், அந்த அகலத்தில் ஒரு தேக்குப் பலகையை இன்று புதிதாக வாங்க நினைத்தால் விலையைக் கேட்டதும் மயக்கம் வரும். பழையதைச் சரிசெய்வது சிக்கனம் மட்டுமில்லை, பல நேரங்களில் அதைவிட நல்ல மரம் நமக்குக் கிடைக்கவே போவதில்லை.

மரம் ஏன் உப்புகிறது?

வெட்டி நூறு வருடமானாலும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது மரத்துக்குள் சுமார் 12 சதவீதம் ஈரம் நிற்கும். வாரக்கணக்கில் 90 சதவீதத்தைத் தொட்டால் மரத்தின் ஈரம் 20 சதவீதத்தை நெருங்கும். மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது, அகலவாக்கில்தான் விரியும். ஓரடி அகலத் தேக்குப் பலகையில் ஈரம் 12-லிருந்து 18 சதவீதம் ஆனால் சுமார் 3 மில்லிமீட்டர் வரை கூடும். கதவு முட்டுவதற்கு அவ்வளவே போதும்.

கதவின் முகப்பில் பளபளவென்று பாலிஷ் இருக்கும். மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் தடவிப் பாருங்கள், பல வீடுகளில் அங்கே ஒரு சொட்டு வார்னிஷ்கூட இருக்காது. வெட்டுமுகம் வழியாகத்தான் மரம் வேகமாக ஈரம் குடிக்கும். கோடையில் கதவைக் கழற்றி இந்த இரண்டு விளிம்புக்கும் இரண்டு கை வார்னிஷ் அடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அதற்கு முன் கீலைப் பார்க்க வேண்டும். மேல் கீலின் திருகாணி தளர்ந்து, கதவு சாய்ந்து தரையில் உரசுவதைக்கூட மரம் உப்பிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. திருகாணியைக் கழற்றி, ஓட்டையில் ஃபெவிகால் தடவிய மூங்கில் குச்சியை இறுக்கிச் செருகி, மறுநாள் மீண்டும் முடுக்கினால் பிடித்துக்கொள்ளும். உப்புக்காற்று ஊரில் இரும்புத் திருகாணி வேண்டாம், பித்தளையோ எஸ்.எஸ்.ஸோ போடுங்கள். இரும்பு துருப்பிடிப்பதோடு தேக்கிலும் கறுப்புக் கறையை இறக்கிவிடும். மழை முடியும்வரை சமாளிக்க, உரசும் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் போதும்.

என்ன பாலிஷ்? பஞ்சை வைத்துக் கண்டுபிடிக்கலாம்

மங்கிப்போன மேசையைப் பார்த்ததும் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பிக்கக் கூடாது. முதலில் கண்ணில் படாத ஓர் இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் பெரும்பாலும் மெலமைன் அல்லது பியு.

பழைய சாமான்களில் அதிகம் இருப்பது அரக்குதான். பிரெஞ்சுக்காரர்கள் போய்ப் பல காலமாகியும் "பிரெஞ்சு பாலிஷ்" என்ற பெயர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. ஆனால் சரக்கு நம் நாட்டுடையது. ஜார்கண்ட் பக்கம் மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. அதற்கென்றே ராஞ்சியில் 1924-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

அரக்கின் பெரிய வசதி, பழைய பூச்சை உரித்தெடுக்க வேண்டியதில்லை. புது அரக்கிலுள்ள ஸ்பிரிட் பழைய அரக்கையும் லேசாகக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சோப்புத் துணியால் அழுக்கை எடுத்து, நன்றாகக் காயவிட்டு, 320 எண் உப்புத்தாளால் மேலோட்டமாகத் தடவி, பஞ்சுப்பொதியால் மெல்லிய கைகளாக ஏற்றினால் தாத்தா காலத்து மேசை முகம் கழுவியது போல ஆகிவிடும். ஆனால் ஈரக்காற்றில் அரக்கு அடித்தால் வெள்ளை பூத்துவிடும். சூடான டம்ளர் வைத்த வெள்ளை வளையமும் ஏறக்குறைய இதே கதைதான், அரக்குக்குள் சிக்கிய ஈரம். ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் ஒரே ஓட்டமாகத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். அழுத்தித் தேய்த்தால் பாலிஷும் சேர்ந்து வந்துவிடும்.

பெயின்ட் அடித்த கதவு என்றால் கவனம்

இதுதான் முக்கியமான எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டு பெயின்ட்களில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு போன்ற நிறங்கள், ஈயம் உள்ளவையாக இருக்கலாம். நாலைந்து கை ஏறிய பழைய ஜன்னலைச் சும்மா உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசு வீடு முழுக்கப் படியும். தவழும் குழந்தை தரையைத் தொட்டு விரலை வாயில் வைக்கும். ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைக்குரிய அளவில் ஈயம் இருப்பதாக யுனிசெஃப் அறிக்கை 2020-ல் சொன்னது.

எனவே பழைய பெயின்டை உலர்வாகத் தேய்க்க வேண்டாம், நெருப்பால் கருக்கவும் வேண்டாம். கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய், பெயின்ட் ரிமூவர் பூசி இளக்கிச் சுரண்டுங்கள். மிச்சத்தை வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்க்கலாம். என்95 முகக்கவசம், கையுறை கட்டாயம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. சுரண்டியதை விரித்த பிளாஸ்டிக் தாளோடு சுருட்டிக் கட்டுங்கள், பெருக்கித் தள்ள வேண்டாம். பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால், சுரண்டாமல் அதன் மேலேயே புது பெயின்ட் அடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஆடும் நாற்காலி, உளுத்த நிலை

ஃபெவிகால் 1959-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய நாற்காலிகளில் மூட்டைப் பிடித்திருப்பது வச்சிரம். வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்தால் இளகி, மூட்டு தானாகக் கழன்று வரும். பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டி, கயிற்றால் முறுக்கிக் கட்டி ஒரு நாள் வையுங்கள். பழைய பசை மேலேயே புதுப் பசையை ஊற்றினாலோ ஆணி அடித்தாலோ நிற்காது. ஆணி மூட்டைப் பிளக்கவும் செய்யும்.

நிலையின் அடிப்பாகம்தான் முதலில் உளுக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த பகுதி எதிர்க்கும், உளுத்தது உள்ளே வாங்கிக்கொள்ளும். தேக்கைக் கரையான் தொடாது என்பது பாதி உண்மை. வைரத்துக்கு அது பொருந்தும், ஓரத்து வெள்ளைக்கட்டைக்குப் பொருந்தாது. முழு நிலையையும் பெயர்க்க வேண்டியதில்லை. கெட்டதை வெட்டியெடுத்து, அதே ஜாதி மரத்தில் சாய்வாக ஒட்டுப்போட ஒரு நல்ல ஆசாரிக்கு ஒரு நாள் வேலைதான். மண் கூடு கட்டி ஏறும் கரையான் என்றால் மட்டும் தரைக்கு மருந்து அடிக்க ஆளைக் கூப்பிடுங்கள். மேல்பூச்சு அதைத் தடுக்காது.

வீட்டுக்குள் வெள்ளம் புகுந்திருந்தால்? கடல்நீர் கலந்திருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மரத்துக்குள் தங்கிய உப்பு மீண்டும் மீண்டும் ஈரத்தை இழுக்கும். பிறகு நிழலில், காற்றோட்டத்தில் வாரக்கணக்கில் காய வேண்டும். வெயிலில் போட்டால் பலகை முறுக்கிக்கொண்டு பிளந்துவிடும்.

இழைப்பு, பாலிஷ் வேலைக்கெல்லாம் மாசியிலிருந்து ஆனி வரை நல்ல காலம். பங்குனியில் இழைப்பதானாலும், மழையில் உப்ப 3 மில்லிமீட்டராவது இடம் விட்டு இழைக்கச் சொல்லுங்கள். கடைசியாக ஒன்று: ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. காயும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போடுங்கள், இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள்.