விரல் பெரிது, ஸ்வரம் சிறிது!

பள்ளிக்கூடத்துச் சிலேட்டு நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அதே அளவு. ஆனால் பலப்பம் வேண்டாம். விரலால் தொட்டால் போதும். அதுதான் 'டேப்லெட்'. அந்தக் கண்ணாடிச் சிலேட்டில் இப்போது பாட்டும் எழுதுகிறார்கள்!

பாட்டு என்றால் சொற்கள் அல்ல, ஸ்வரங்கள். மேல்நாட்டு இசையில் ஐந்து கோடு போடுவார்கள். கோட்டின் மேலும், கோடுகளின் நடுவிலும் முட்டை வடிவில் புள்ளி வைப்பார்கள். புள்ளி மேலே ஏற ஏற ஸ்வரமும் ஏறும். தேவாலயப் பாடகர் குழுவிலும் சினிமா வாத்தியக் குழுவிலும் இந்தத் தாளைப் பலர் பார்த்திருக்கலாம்.

எழுதுவது சுலபம். எழுதியதில் ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் பிடித்து மாற்ற வேண்டுமா? அங்கேதான் சங்கடம்.

சிரிப்பும் அழுகையும்

ச, க, ப ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் ஆர்மோனியத்தில் அழுத்திப் பாருங்கள். 'க' அந்தர காந்தாரமாக இருந்தால் கேட்க மலர்ச்சியாக இருக்கும். இதை 'மேஜர்' என்பார்கள். அந்தக் காந்தாரத்தை மட்டும் ஒரு படி இறக்கிச் சாதாரண காந்தாரமாக்குங்கள். முகம் வாடிவிடும்! அது 'மைனர்'. 'ச' மாறவில்லை, 'ப' மாறவில்லை. நடுவில் இருக்கும் ஒரு புள்ளி செய்த வேலை இது.

தாளில் இந்த மூன்று புள்ளிகளும் ஒன்றன் தலைமேல் ஒன்றாக நெருக்கியடித்து நிற்கும். வழக்கமான அச்சில் ஐந்து கோடுகளின் மொத்த உயரமே சுமார் 7 மில்லிமீட்டர். ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் இடம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. நம் விரல் நுனியோ ஒரு சென்டிமீட்டர் அகலம்!

ஆப்பிள் கம்பெனி தன் சாதனங்களுக்குச் செயலி எழுதுவோருக்கு ஓர் அளவு சொல்லியிருக்கிறது. விரலால் தொட வேண்டிய பொத்தான் 44 புள்ளி அளவுக்குக் குறையக் கூடாது என்பது அது. பெரிய ஐபேடில் அது சுமார் எட்டரை மில்லிமீட்டர். அதாவது, ஒரு பொத்தானுக்குள் ஐந்து கோடுகளும் அடங்கிவிடும். அப்புறம் நடுப்புள்ளியை எப்படித் தொடுவது?

காந்தாரம் என்று நினைத்து ஷட்ஜத்தைத் தொட்டு இறக்கிவிட்டால் போச்சு. மறுநாள் காலை நாற்பது பேர் பாடும்போதுதான் காது கூசும். யார் தப்பு என்று பாடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்வார்கள். தப்பு விரலுடையது!

சுத்தியலால் திருத்திய காலம்

இந்தத் தொல்லை புதிதல்ல. முன்பெல்லாம் ஐரோப்பாவில் இசைத்தாள் அச்சிட ஈயக்கலவைத் தகடு செய்தார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரம் இதற்குப் பேர் போனது. தகட்டில் ஒவ்வொரு புள்ளியையும் முத்திரை உளியால் அடித்துப் பதிக்க வேண்டும். அதுவும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி!

ஒரு ஸ்வரம் தவறிவிட்டால்? தகட்டைப் புரட்டிப் போட்டு, பின்புறத்தில் அதே இடத்தை அளந்து கண்டுபிடிப்பார்கள். சுத்தியலால் மெல்லத் தட்டிக் குழியைச் சமமாக்குவார்கள். பிறகு மறுபடியும் திருப்பி, சரியான இடத்தில் அடிப்பார்கள். பக்கத்துப் புள்ளி நசுங்கக் கூடாது. அந்தக் கைகளுக்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

பிறகு கணினி வந்தது. இங்கிலாந்தில் பின் என்ற குடும்பப் பெயருடைய இரட்டைச் சகோதரர்கள் எழுதிய 'சிபேலியஸ்' 1993-இல் விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியின் ஸ்டைன்பர்க் கம்பெனி 2016-இல் 'டொரிகோ'வைக் கொண்டுவந்தது. கணினியில் 'மவுஸ்' இருந்தது. அம்புமுனை ஊசி போலக் கூர்மை. கவலை இல்லை. 2021 ஜூலையில், ஒரே மாதத்தில், இந்த இரண்டுமே ஐபேடுக்கு வந்து சேர்ந்தன. ஊசி போய் விரல் வந்தது.

பிடிக்கும் வித்தை

முதல் வேலை, இரண்டு விரலை வைத்து அகட்டிப் பக்கத்தைப் பெரிதாக்குவது. புள்ளி சுண்டைக்காய் அளவு ஆகும்வரை அகட்டலாம். சோம்பேறித்தனமாக அப்படியே தொடுகிறவர்களே அதிகம், கஷ்டப்படுகிறவர்களும் அவர்களே. தொடும்போது ஸ்வரத்தின் தலையைத் தொட வேண்டும். சிபேலியஸில் கோடுகளுக்கு இடையே வெற்றிடத்தைத் தொட்டால் அந்தக் கட்டம் முழுவதும் பிடிபடும். அந்த நிலையில் அழிக்கும் பொத்தானை அழுத்தினால் கட்டமே காலி. பதற வேண்டாம், செய்ததைத் திரும்பப் பெற வளைந்த அம்புக்குறி ஒன்று இருக்கிறது.

பிடிபட்ட ஸ்வரம் நிறம் மாறும். இதில் ஒரு நுட்பம் உண்டு. பெண்களில் உச்சக் குரலும் கீழ்க்குரலும் ஒரே ஐந்து கோட்டில் எழுதப்படுவது வழக்கம். இருவரும் ஒரே ஸ்வரத்தைப் பாடினால் இரண்டு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்றாகவே தெரியும்! நீங்கள் தொட்டது யாருடையது? சிபேலியஸில் முதல் குரலானால் நீலம், இரண்டாவதானால் பச்சை. நிறத்தைப் பார்த்துவிட்டு மாற்றினால் தங்கையின் ஸ்வரம் அக்காளிடம் போகாது.

பல ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிக்க விரலை இழுத்துக் கட்டம் கட்டலாம் என்று தோன்றும். ஆனால் இழுத்தால் பக்கம் அல்லவா நகர்கிறது? அதனால் டொரிகோவில் இரண்டு கருவி வைத்திருக்கிறார்கள். ஒன்று பக்கத்தை நகர்த்தும் கை. மற்றொன்று கட்டம் கட்டுவது. எது இப்போது வேலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு இழுக்க வேண்டும். வடிகட்டி என்றும் ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு அடுக்குகளை மொத்தமாகப் பிடித்து, "உச்சி ஸ்வரங்கள் மட்டும்" என்று கேட்டால் மற்றவற்றை விட்டுவிடும். காபி வடிகட்டுவது போலத்தான்!

இளையராஜா போலத் தாளில் பேனாவால் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. பேனாமுனை பட்ட இடம் ஸ்வரம். அந்த முனையைக் கண்ணாடிக்கும் கொண்டுவர ஆப்பிள் கம்பெனி 2015-இல் ஒரு பென்சிலை வெளியிட்டது. விலைதான் கொஞ்சம் கடிக்கும். ஆனால் அடுக்கின் நடுப்புள்ளியைத் தொட அதைப் போல வேறில்லை.

பென்சில் இல்லாதவர்கள் காதை நம்பலாம். தொட்ட ஸ்வரத்தைச் செயலி உடனே ஒலித்துக் காட்டும். 'ச' கேட்டால் விரலைச் சற்று மேலே நகர்த்துங்கள். 'ப' கேட்டால் கீழே. காந்தாரம் கேட்டதும் நிறுத்தி, அப்புறம் இறக்குங்கள்.