அடுப்படிக்கு வந்த ஒயர்

தஞ்சைப் பாபநாசம் பக்கம் அண்ணன், அத்தாச்சி வீடு. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுச்சுவரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை வைத்த ஒயர் ஒன்று அந்தத் துளை வழியாக உள்ளே இறங்கி, புளிப்பானைக்குப் பின்னால் வளைந்து, அலமாரித் தட்டில் இருக்கும் 14 அங்குல டிவியில் போய் முடிகிறது. 2006-ல் ஆரம்பித்து வீடு வீடாக வந்த அரசு கலர் டிவிதான். கூடத்துக்கு 32 அங்குலம் வாங்கிய அன்றே இதை அடுப்படிக்கு நகர்த்திவிட்டார்கள். செட்டாப் பாக்ஸ் ஒன்றுதான் என்பதால் கூடத்தில் ஓடுவதுதான் இங்கேயும் ஓடும்.

“ரிமோட்டு அவங்க கையில இருக்கு தம்பி. கதை முக்கியமான எடத்துக்கு வரும், டக்குனு கிரிக்கெட்டுக்கு மாத்திருவாங்க. இங்கேருந்து கத்துனா குக்கர் சத்தத்துல யாருக்குக் கேக்குது?”

தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் ஒரு மாதம் நான் ஏறி இறங்கிய வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதை. டிவி அடுப்படிக்கு வந்துவிட்டது. ஆனால் சமைக்கிறவருக்கென்று வரவில்லை, கூடத்தில் வேண்டாததாகிப்போய் வந்தது. அதனால்தான் அதை எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்று யாரும் பத்து நிமிஷம் உட்கார்ந்து யோசித்ததில்லை. காலியாக இருந்த தட்டில் தூக்கி வைத்தார்கள், அவ்வளவுதான்.

இந்த மண்ணின் அடுப்படி ரேடியோ காலத்திலிருந்தே வெளியுலகத்துக்குக் காது கொடுத்து வந்ததுதான். திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டு விதைத்ததால் ஆடுதுறை 27 ரகத்துக்கு ‘ரேடியோ நெல்’ என்றே தஞ்சை விவசாயிகள் பெயர் வைத்தார்கள். ரேடியோவுக்குத் தனி இடம் தேவைப்படவில்லை. கூடத்தில் பாடினால் சோறு வடிக்கிறவருக்கும் கேட்கும். டிவி அப்படி இல்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபின், கடலோர ஊர்களில் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டிப் படம் பிடித்தார்கள். ஊரே ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும். அந்த வீட்டு அம்மா மட்டும் உலைக்கும் கூடத்துக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார். எங்கள் ஊரில் அப்படி நடந்த ஒரு பெரியம்மாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு படத்தைக்கூட அவர் முழுதாகப் பார்த்ததில்லை. அடுப்படியில் ஒரு டிவி என்பதை நான் ஆடம்பரமாக நினைக்காததற்கு அவர்தான் காரணம்.

டிவி பார்த்துக்கொண்டே சமைத்தால் சோறு அடிப்பிடிக்கும், பிள்ளைகளும் அங்கேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டும்.

அதைவிட இடம்தான் பெரிய சிக்கல். 2011-ல் வந்த பசுமை வீட்டுத் திட்டத்தின் வீடு மொத்தமே 300 சதுர அடி. மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் சமையல் இடத்தையும் சேர்த்து குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி. இதில் அடுப்படியாக மிஞ்சும் இடத்தில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசற்படியில்தான் நிற்க வேண்டும். மேடையில் அடுப்பு, அரசு கொடுத்த மிக்சி, கிரைண்டர், அஞ்சறைப்பெட்டி, தண்ணீர்க் குடம். டிவிக்கு மிச்சமிருப்பது சுவர் மட்டும்தான்.

சுவர் என்றால் எந்த உயரத்தில்? டிவி மாட்ட வருகிற பையன் கூடத்துக்கு எடுக்கிற அளவையே இங்கேயும் எடுக்கிறான். நம் அடுப்படியிலோ பார்வைக்கு இரண்டு உயரம். அடுப்பு முன் நிற்கும்போது கண் ஐந்தடிக்குச் சற்றுக் கீழே. வெண்டைக்காய் நறுக்க அரிவாள்மணையில் உட்கார்ந்தால் இரண்டரை அடி. பரண்மேல் வைத்த டிவியைத் தரையிலிருந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். பார்வையை மேலே வைத்துக்கொண்டு அரிவாள்மணையில் கை வைப்பதும் ஆபத்து. நாலடிக்குச் சற்று மேலே, முன்பக்கம் இழுத்துக் கீழ்ப்பார்வையாகச் சாய்க்கிற தாங்கியில் மாட்டினால் இரண்டு நிலைக்கும் ஒத்துவரும். அடுப்புக்கு நேர் எதிர்ச் சுவர் கூடாது, பாலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டியிருக்கும். பக்கவாட்டுச் சுவர்தான் சரி, பொங்கி வருவது கடைக்கண்ணில் தெரியும். 24 அங்குலம் போதும், அது அகலத்தில் 53 சென்டிமீட்டர்தான். வடிதட்டு வைத்துக் கஞ்சி வடிக்கும் இடத்திலிருந்தும் கடுகு தாளிக்கும் இடத்திலிருந்தும் இரண்டு முழமாவது தள்ளி இருக்க வேண்டும்.

பழைய பெட்டி டிவிக்கு இந்தத் தூரமும் போதாது. அதன் பின்பக்கத்துக்குள் 20,000 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் உண்டு. தூசியை அது இழுத்து வைத்துக்கொள்ளும். தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கும் வடிகஞ்சியின் ஆவியும் அந்தத் தூசியில் படியும். ஐப்பசி மழையில் காற்று ஈரமாக இருக்கும் நாளில் பெட்டிக்குள் ‘சிடுசிடு’ என்று சத்தம் வரும். அத்தாச்சி வீட்டில் அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். “மழைன்னா அது அப்படித்தான் பேசும்” என்று சொல்லிவிட்டு அவர் ரசத்துக்குப் பெருங்காயம் உரசிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு டிவியில் கண் போகவில்லை. ஒயர் எங்கெங்கே போகிறது என்றுதான் பார்த்தேன்.

அடுப்படிக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் டிவி, மிக்சி, கிரைண்டர் மூன்றும். கிரைண்டரின் மூன்று முனை பிளக் இரண்டு துளைப் பாக்ஸில் சேரவில்லை என்று எர்த் முனையைத் திருகி எடுத்திருந்தார்கள். பாக்ஸ் கிடந்தது தரையில், கேஸ் சிலிண்டரை ஒட்டி. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். அந்த நேரம் பாக்ஸ் சுவிட்சைத் தட்டினால் எழும் ஒரு பொறி போதும்.

என் அம்மாவுக்குக் கிரைண்டரில் ஷாக் அடித்தது ஒரு கார்த்திகை மாதம். ஈரக் கையோடு மாவு தள்ளிக்கொண்டிருந்தவர் சுவரில் போய் மோதினார். உயிர் தப்பியது அதிர்ஷ்டம். சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தபோது எர்த்துக்கான பச்சை ஒயர் போர்டு வரைக்கும் ஒழுங்காக வந்து, எதோடும் சேராமல் சுருட்டி உள்ளே செருகப்பட்டிருந்தது. வீட்டுக்கு ஒயரிங் செய்தவர் எர்த் குழியே தோண்டவில்லை. அன்றிலிருந்து யார் வீட்டு அடுப்படிக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது எர்த் இருக்கிறதா என்றுதான். விருந்துக்குப் போன இடத்தில் கேட்டுப் பேச்சும் வாங்கியிருக்கிறேன். கேட்பதை விடப்போவதில்லை.

இத்தனைக்கும் இது எர்த் போட ஏற்ற மண். ஈரப்பசை உள்ள வண்டல் களிமண்ணில் மின்சாரம் சுலபமாக இறங்கும். பாறை மண்ணில் படுகிற பாடு இங்கே இல்லை. கொல்லையில் எட்டடிக் குழாய், சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக, அங்கிருந்து போர்டுக்கு ஒரு கம்பி. ஆறு வறண்டு வயல் வெடிக்கிற சித்திரை, வைகாசியில் மட்டும் குழிக்குத் தண்ணீர் விட வேண்டும். இதோடு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டிவிட்டால் ஈரக் கைக்குப் பாதுகாப்பு. டிவி வாங்கத் தவணை கட்டுகிற வீடு, இதற்கு வரும்போது ‘அப்புறம் பார்க்கலாம்’ என்கிறது. டிவிக்குப் பெரும்பாலும் இரண்டு முனை பிளக்தானே, எர்த் எதற்கு என்று கேட்கிறார்கள். டிவிக்காக இல்லை. டிவிக்கென்று இழுத்த அதே பாக்ஸில்தான் நாளைக்கு இட்லி மாவு அரைக்கப் போகிறார்கள்.

ஆவணி கடைசியில் மறுபடி பாபநாசம் போயிருந்தேன். அண்ணன் ஆள் வைத்து முருங்கை மரத்தடியில் குழி போட்டிருந்தார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போய்விட்டது. மேடைக்கு மேலே, அடுப்புக்கு எட்டத்தில், தனித்தனியாக மூன்று பாயிண்ட். 14 அங்குலத்தை எடைக்குப் போட்டுவிட்டு, பக்கச் சுவரில் 24 அங்குலம். செட்டாப் பாக்ஸும் தனி. நடுச்சுவர்த் துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள், இன்னும் காயவில்லை. ரிமோட்டைப் பாலிதீன் பையில் சுற்றி அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் வைத்திருந்தார் அத்தாச்சி. பாத்திரம் அலசிய தண்ணீரை ஒரு குண்டானில் எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்.

“வாழைக்கு ஊத்துவேன் முன்னெல்லாம். இப்ப இந்தக் குழிக்குத்தான்.”