மாநாட்டை ஊருக்கு அழைப்பவர்கள்: ஒரு தொழிலும் அதன் கல்வியும்

மாநாடு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன மேடையும் பந்தலும் பேச்சாளர் வரிசையுமே. அம்மாநாடு ஏன் அவ்வூரில் கூடியது என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. உலகின் பெருநகரங்கள் பலவற்றில் இவ்வினாவையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டோர் உளர். மருத்துவர் சங்கம், பொறியாளர் பேரவை, வணிகர் கூட்டமைப்பு முதலியவற்றின் கூட்டங்களைத் தம் ஊருக்கு வரவழைப்பதும், சுற்றுலாப் பயணியரிடம் தம் ஊரின் பெயரைக் கொண்டு சேர்ப்பதும் இவர்தம் பணி. இம்மேலாளர்கள் எவ்வாறு உருவாகின்றனர், எவற்றைக் கற்கின்றனர் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

தோற்றம்

இத்தொழிலின் தொடக்கம் ஒரு செய்தித்தாள் கட்டுரையாகும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் மோட்டார் நகரம் எனப் பெயர் பெறுவதற்கு முன்னரே, 1896 பிப்ரவரியில், மில்டன் கார்மைக்கேல் என்னும் இதழாளர் 'டெட்ராய்ட் ஜர்னல்' ஏட்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். மாநாடுகள் தாமாக வந்து சேரும்வரை காத்திராமல், நகரத்தார் ஒன்றுகூடி அவற்றை முயன்று அழைத்தல் வேண்டும் என்பதே அது. அம்மாதத்திலேயே விடுதி உரிமையாளரும் வணிகரும் கூடி ஓர் அமைப்பை நிறுவினர். உலகின் முதல் மாநாட்டுப் பணியகம் அதுவே எனக் கொள்ளப்படுகின்றது. பிற நகரங்களும் இவ்வழியைப் பின்பற்றின. 1914ஆம் ஆண்டில் இத்தகு பணியகங்கள் தமக்கெனப் பன்னாட்டுச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டன. இன்று அச்சங்கம் 'டெஸ்டினேஷன்ஸ் இன்டர்நேஷனல்' என வழங்குகின்றது.

பணியின் இயல்பு

இம்மேலாளர் விற்கும் பொருள் எதுவும் அவருக்கு உரிமையானதன்று. விடுதி அறைகள் விடுதியாருடையவை. பேருந்துகள் பிறருடையவை. கடற்கரையும் கோட்டையும் மக்களுடையவை. இவை அனைத்தையும் ஒன்றாக இணைத்து, 'எங்கள் ஊருக்கு வாருங்கள். குறையின்றி நடக்கும்' என்று உறுதி கூறுவதே அவர் தொழில். ஆகவே, அவருடைய முதலீடு அவர் கொடுக்கும் வாக்கே எனலாம்.

சான்றாக, இரண்டாயிரம் பேர் கூடும் மருத்துவ மாநாடு ஒன்றைக் கொள்வோம். அதற்கான ஊர் பல ஆண்டுகளுக்கு முன்னரே முடிவு செய்யப்படும். மேலாளர் முதலில் அச்சங்கத்தின் கடந்தகாலக் கூட்டங்களை ஆராய்வார். ஆயிரம் அறைகள் கேட்டுவிட்டு அறுநூறு அறைகளை மட்டுமே நிரப்பிய வரலாறு உண்டாயின் அதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது. பின்னர், மண்டபம், அறைகள், கட்டணம், போக்குவரத்து ஆகியவற்றைத் தொகுத்து அழைப்பு ஆவணம் ஒன்றை வரைவார். தேர்வுக் குழுவினரை அழைத்து வந்து ஊரைக் காட்டுவார். ஊர் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னர், மாநாடு முடியும்வரை உடனிருந்து துணை புரிவார். 1963இல் தோன்றிய ஐ.சி.சி.ஏ. என்னும் பன்னாட்டு மாநாட்டுச் சங்கம், குறைந்தது மூன்று நாடுகளில் மாறி மாறி, முறையாக நடைபெறும் கூட்டங்களையே தன் கணக்கில் சேர்க்கின்றது. கூட்டம் இடம் மாறுவதாலேயே ஊர்களுக்கிடையே போட்டி பிறக்கின்றது.

இப்பணி வெறும் ஆடம்பரமன்றோ என ஐயுறுவோர் உண்டு. அவர்களுக்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் நல்ல விடையாகும். 1993இல் அம்மாநிலம் சுற்றுலா விளம்பரத்திற்கான வரியைக் கைவிட்டது. மலைகளும் பனியும் அங்கேயே இருந்தன. எனினும் ஓரிரு ஆண்டுகளில் நாட்டின் சுற்றுலாச் சந்தையில் அம்மாநிலத்தின் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காடு சரிந்தது. 2000ஆம் ஆண்டில் விளம்பர அலுவலகம் மீண்டும் உயிர் பெற்றது. இழப்பு மாநிலக் கருவூலத்தோடு நின்றுவிடாது. விடுதிப் பணியாளர், வாடகைக் கார் ஓட்டுநர், சிற்றுண்டிக் கடைக்காரர் ஆகியோரின் அடுப்பிலும் அது தெரியும்.

பணிப்படிகள்

இத்தொழிலுக்குள் நுழைய ஒரே வாயில் என்பது இல்லை. பலர் விடுதிகளின் விற்பனைப் பிரிவிலிருந்து வருகின்றனர். இதழியல், விளம்பரம், விமானப் பயணத்துறை, நகராட்சி நிர்வாகம் ஆகியவற்றிலிருந்து வருவோரும் உண்டு. தொடக்கத்தில் தரவு திரட்டும் உதவியாளராகவோ, மாநாட்டுச் சேவை ஒருங்கிணைப்பாளராகவோ பணி அமையும். அடுத்து, சங்கங்கள், தொழில் நிறுவனங்கள் போன்ற ஒரு துறைக்குப் பொறுப்பான விற்பனை மேலாளர் பதவி. அதன்பின் விற்பனை இயக்குநர், துணைத் தலைவர், இறுதியில் தலைமைச் செயல் அலுவலர் எனப் படிகள் உயர்கின்றன. மேலே செல்லச் செல்ல வேலையின் தன்மையும் மாறுகின்றது. கீழ்ப்படியில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் பேசுகிறார். மேற்படியில் இருப்பவரோ நகர மன்றத்தாரிடமும் பொதுமக்களிடமும் பேச வேண்டும். அமெரிக்கப் பணியகங்கள் பலவும் விடுதி அறைகள் மீதான வரியால் இயங்குவதால், செலவிட்ட பணத்திற்குக் கணக்குக் காட்டுவது தலைவரின் கடமையாகின்றது.

கல்வி

தொழில் முந்தியது, கல்வி பிந்தியது. கார்னெல் பல்கலைக்கழகம் 1922இலேயே விடுதி மேலாண்மைக் கல்வியைத் தொடங்கிற்று. ஆயினும், மாநாட்டுத் துறைக்கெனத் தனிச் சான்றிதழ்கள் நெடுங்காலம் கழித்தே தோன்றின. கூட்ட ஏற்பாட்டாளர்க்கான 'சி.எம்.பி.' சான்றிதழ் 1985இல் தொடங்கப்பெற்றது. பணி அனுபவம் உடையோரே இத்தேர்வை எழுத இயலும். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்தலும் வேண்டும். தலப் பணியகங்களின் உயர் அலுவலர்க்கான 'சி.டி.எம்.இ.' சான்றிதழ் 1990களின் தொடக்கத்தில் உருவானது. திட்டமிடல், தலைமைப் பண்பு, ஊர்மக்களோடு உறவு பேணல் ஆகியன அதன் பாடங்களுள் அடங்கும்.

இந்தியாவில் 1983இல் நிறுவப்பெற்ற சுற்றுலா, பயண மேலாண்மைக் கல்வி நிறுவனம் குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகின்றது. மாநாடுகளை நம் நாட்டிற்கு அழைக்கும் நோக்குடன் இந்திய மாநாட்டு மேம்பாட்டுப் பணியகம் 1988இல் அமைக்கப்பெற்றது. எனவே, இத்துறை நம் மாணவர்க்கு எட்டாத கனியன்று.

முடிவுரை

கலைப்பிரிவில் பயில்வோருக்கு என்ன வேலை என்று கவலையுறும் பெற்றோர் இன்றும் பலர். இத்துறை அவர்கட்கு ஒரு செய்தியைக் கூறுகின்றது. அழைப்பு ஆவணம் என்பது எழுத்துப் பணி. ஊரின் வரலாற்றைச் சுவைபடக் கூறுவது மொழிப் பணி. விருந்தினரின் மனமறிந்து பேசுவது பண்பாட்டுப் பணி. இவற்றோடு கணக்கறிவும் ஆங்கிலப் பயிற்சியும் கணினித் தேர்ச்சியும் சேர்தல் வேண்டும். 2020இல் கொள்ளைநோயால் மாநாடுகள் நின்றபோது இத்துறையினர் பலர் வேலையிழந்தனர் என்பதையும் மறத்தலாகாது. இன்னல் இல்லாத தொழில் ஏது? தன் ஊரை நன்கறிந்து, அதனிடம் இல்லாததை இருப்பதாகக் கூறாமல், இருப்பதை எடுத்துரைக்கும் ஆற்றல் உடையவர்க்கு இத்துறையின் கதவு திறந்தே உள்ளது. அக்கதவை முதன்முதல் திறந்தவர் எழுதுகோல் ஏந்திய ஒருவரே என்பதை நம் மாணவர்கள் நினைவிற்கொள்வார்களாக.